ஏ.எம்.சி. முடிந்தால் மென்பொருளும் முடிந்துவிடுமா?

2025 மே மாதத்தில் உலகின் பல நாடுகளில் உள்ள நிறுவனங்களின் கணினித் துறைகளுக்கு ஒரு கடிதம் போய்ச் சேர்ந்தது. அனுப்பியது அமெரிக்காவின் பிராட்காம். விஎம்வேர் மென்பொருளைக் காலவரம்பற்ற லைசென்ஸாக வாங்கி, அதற்கான ஆதரவு ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு எழுதிய கடிதம் அது. ஒப்பந்தம் முடிந்த நாளுக்குப் பிறகு வெளிவந்த அப்டேட், பேட்ச், பிழைத்திருத்தம் எதை நிறுவியிருந்தாலும் எடுத்துவிட வேண்டும். மிக அவசரமான பாதுகாப்புப் பேட்ச்சுகள் மட்டும் விதிவிலக்கு. தேவைப்பட்டால் தணிக்கை நடக்கும். இதுதான் அதன் சாரம். விஎம்வேரை விட்டே விலகி வேறு மென்பொருளுக்கு மாறிவிட்ட சிலருக்கும் இதே கடிதம் வந்தது.

பணம் முழுவதையும் கட்டி வாங்கிய பொருளைப் பற்றி இப்படி ஒரு கடிதம் வந்தால், 'அப்படியானால் நாம் வாங்கியது நம்முடையது இல்லையா?' என்ற பயம் வரத்தான் செய்யும். நம் ஊர்க் கடைவீதியில் இந்தப் பயத்துக்கு வேறு பேச்சு வடிவம் உண்டு. ஈரோட்டு ஜவுளிக் கடையிலும் திருப்பூர் பனியன் கம்பெனியிலும் கணக்கு எழுதுகிறவர், மார்ச் மாதம் ஏ.எம்.சி. எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் புதுப்பிப்புக்கான போன் வரும்போது கேட்பது: "இந்த வருஷம் ஏ.எம்.சி. கட்டலைன்னா சாஃப்ட்வேர் நின்னுடுமா சார்?"

நிற்காது. காலவரம்பற்ற லைசென்ஸ் என்று எழுதி வாங்கியிருந்தால், ஆதரவுத் திட்டம் முடிந்ததால் அந்த லைசென்ஸ் முடிந்துவிடாது. ஒப்பந்தத்திலேயே இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் ஒழிய, சட்டத்தின் முன் விடை இதுதான். ஆனால் இந்த விடையோடு நிறுத்திக்கொண்டால் வாசகருக்கு முழு உண்மையைச் சொன்னதாகாது. லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே அதைப் பயன்படுத்தும் வழிகளை ஒவ்வொன்றாக அடைக்க முடியும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் உலகில் நடந்துகொண்டிருப்பது அதுதான்.

ஒரே பில், இரண்டு வியாபாரம்

குழப்பத்தின் வேர் பில்லில் இருக்கிறது. மென்பொருள் வாங்கும்போது லைசென்ஸ் விலையும் முதல் ஆண்டு ஆதரவுக் கட்டணமும் பெரும்பாலும் ஒரே பில்லில், அடுத்தடுத்த வரிகளில் வருகின்றன. வாங்குகிறவர் ஒரே பொருளுக்குக் கொடுக்கும் பணமாக நினைக்கிறார். உண்மையில் அவை இரண்டு வேறு வியாபாரங்கள். முதல் வரியில் இருப்பது பதிப்புரிமை வைத்திருப்பவர் தரும் அனுமதி: இந்தப் பதிப்பை, இத்தனை பேர், இத்தனை கணினியில் பயன்படுத்தலாம். இரண்டாவது வரி ஒரு சேவை: கேள்வி கேட்டால் பதில், பிழை கண்டால் திருத்தம், புதிய பதிப்பு வந்தால் அதையும் பெறும் தகுதி. விசைத்தறி வாங்கியவர் மெக்கானிக்குக் கொடுக்கும் வருடச் சம்பளத்தை நிறுத்தினால் மெக்கானிக் வரமாட்டார். தறியை யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள்.

டேலி இதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பெங்களூரில் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் மென்பொருள், தமிழ்நாட்டில் கணக்குப் புத்தகம் இருந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. வாடகை லைசென்ஸை விட்டுவிடுவோம். விலை கொடுத்து வாங்கும் லைசென்ஸ் காலவரம்பற்றது. அதோடு சேர்ந்து வரும் டிஎஸ்எஸ் என்ற சேவைச் சந்தாவுக்குத்தான் ஆண்டுக் கணக்கு. சந்தா முடிந்த நாள் வரை வெளியான பதிப்பை நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம். பில் போடலாம், லெட்ஜர் பார்க்கலாம், பழைய ஆண்டுகளைத் திறக்கலாம். அதற்குப் பிறகு வந்த பதிப்பு கிடைக்காது. இணையம் வழியாக நடக்கும் சேவைகளும் கிடைக்காது. நியாயமான ஏற்பாடு, எது என்றைக்கும் உங்களுடையது, எது ஆண்டுச் சந்தாவோடு வருவது என்ற எல்லை தெளிவாக இருக்கிறது.

மென்பொருள் எழுதுகிறவர்கள் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பிழை திருத்தி, புதிய சட்டத்துக்கு ஏற்ப மாற்றிக் கொடுப்பது பெரிய வேலை. 2015-இல் ஜெட்பிரெயின்ஸ் என்ற செக் நாட்டு நிறுவனம் தன் மென்பொருள்கள் அனைத்தையும் சந்தா முறைக்கு மாற்றப்போவதாக அறிவித்தபோது நிரலாளர்களிடம் கடும் எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் இறங்கி வந்தது. 12 மாதம் தொடர்ந்து சந்தா கட்டியவருக்கு, அந்தக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பு என்றைக்கும் சொந்தம் என்று விதியை மாற்றியது. சந்தாவை நிறுத்தினாலும் அந்தப் பதிப்பு ஓடும். சந்தாவும் வாழ்கிறது, வாங்கியவரின் உரிமையும் வாழ்கிறது. முடியாத காரியம் இல்லை என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

விஎம்வேரில் நடந்தது

பெரிய சர்வர் ஒன்றுக்குள் பல மெய்நிகர்க் கணினிகளை ஓட்ட உதவுவது விஎம்வேர். 1998-இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. வங்கி, மருத்துவமனை, தொலைபேசி நிறுவனம், அரசுத் துறை என எங்கே டேட்டா சென்டர் இருந்தாலும் அங்கே விஎம்வேர் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை வாங்கும் முறை ஒன்றுதான்: லைசென்ஸை ஒருமுறை வாங்கு, ஆதரவை ஆண்டுதோறும் புதுப்பி.

2023 நவம்பர் 22 அன்று பிராட்காம் அதை வாங்கி முடித்தது. 2022-இல் ஒப்பந்தத்தை அறிவித்தபோது விலை ஏறத்தாழ 6,100 கோடி டாலர். வாங்கி மூன்று வாரம் ஆவதற்குள், டிசம்பர் 11 அன்று, காலவரம்பற்ற லைசென்ஸ் விற்பனையை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. அது மட்டும் என்றால் புதிதாக வாங்குகிறவர்களின் பிரச்சினையாக முடிந்திருக்கும். ஏற்கெனவே லைசென்ஸ் வைத்திருந்தவர்கள் ஆதரவைத் தனியாகப் புதுப்பிக்கும் வழியையும் அதே அறிவிப்பு மூடியது. ஆதரவு வேண்டுமானால் முழு மென்பொருளையும் சந்தாவாக மறுபடி வாங்க வேண்டும். அதுவும் பல மென்பொருள்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பாக. கையில் இருக்கும் லைசென்ஸுக்கு அந்தக் கணக்கில் மதிப்பே இல்லை.

அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஏடி அண்ட் டி 2024 ஆகஸ்டில் நியூயார்க் நீதிமன்றம் போனது. 8,600 சர்வர்களில் சுமார் 75,000 மெய்நிகர்க் கணினிகள் விஎம்வேரில் ஓடுவதாகவும், ஆதரவை இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கும் உரிமை தன் பழைய ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பதாகவும் சொன்னது. பிராட்காம் கேட்ட புதிய விலை ஒரே ஆண்டில் 1,050 சதவீத உயர்வு என்பது அதன் குற்றச்சாட்டு. இங்கே கவனிக்க வேண்டியது, லைசென்ஸ் செல்லுமா என்பதல்ல வழக்கு. ஆதரவு இல்லாமல் இவ்வளவு பெரிய வலையமைப்பை நடத்த முடியாது என்பதுதான் வாதம். அதே ஆண்டு நவம்பரில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. என்ன பேசி முடித்தார்கள் என்பது வெளியே வரவில்லை. தீர்ப்பு வந்திருந்தால் மற்றவர்களுக்கும் ஒரு பிடி கிடைத்திருக்கும்.

நெதர்லாந்தில் தீர்ப்பே வந்தது. அந்த நாட்டின் நெடுஞ்சாலை, நீர்வழி, பாலம், சுரங்கப்பாதை, மதகுகளைப் பராமரிக்கும் அரசு அமைப்பு ரைக்ஸ்வாட்டர்ஸ்டாட். விஎம்வேரை விட்டு வேறு மென்பொருளுக்கு மாற முடிவு செய்து, மாறி முடிக்கும்வரை ஆதரவு மட்டும் கொடுங்கள் என்று கேட்டது. பிராட்காம் சந்தாவைக் காட்டியது. 2025 ஜூனில் தி ஹேக் நீதிமன்றம் அரசு அமைப்பின் பக்கம் நின்றது: மாறும் காலத்தில் இரண்டு ஆண்டு வரை ஆதரவு தர வேண்டும், தவறினால் நாளுக்கு 2.5 லட்சம் யூரோ வீதம் 2.5 கோடி யூரோ வரை அபராதம். கடலுக்குத் தாழ்ந்த நிலத்தில் வாழும் நாட்டில் மதகு இயங்குவது உயிர்ப் பிரச்சினை. அப்படிப்பட்ட அமைப்பை நடுவழியில் விட்டுவிட முடியாது என்று நீதிமன்றம் கருதியதில் எனக்கு முழு உடன்பாடு.

அதே ஆண்டு பிரிட்டனின் பெரிய பல்பொருள் அங்காடித் தொடர் டெஸ்கோ லண்டன் உயர் நீதிமன்றத்தை அணுகி, குறைந்தது 10 கோடி பவுண்டு இழப்பீடு கேட்டது. 2021 ஜனவரியில் காலவரம்பற்ற லைசென்ஸ் வாங்கியதாகவும், 2026 வரை ஆதரவும் அதற்குமேல் நான்கு ஆண்டு நீட்டிக்கும் உரிமையும் அதோடு கிடைத்ததாகவும் அதன் மனு சொல்கிறது. ஏறத்தாழ 40,000 சர்வர் வேலைகள் விஎம்வேரில் ஓடுகின்றன. அவை நின்றால் கடைகளுக்குச் சரக்குப் போவதே பாதிக்கப்படலாம் என்கிறது டெஸ்கோ.

சீமென்ஸ் கதை வேறு பாடம். ஆதரவு கேட்டு அந்த நிறுவனம் தான் பயன்படுத்தும் விஎம்வேர் மென்பொருள்களின் பட்டியலைக் கொடுத்தது. பட்டியலில் இருப்பது வாங்கிய லைசென்ஸைவிட அதிகம் என்று சொல்லி, 2025 மார்ச்சில் விஎம்வேர் அமெரிக்காவின் டெலவேர் நீதிமன்றத்தில் சீமென்ஸ் மீதே வழக்குப் போட்டது. தன்னிடம் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியாமல் விற்பவரிடம் போகக் கூடாது.

கதவுகள் எங்கே மூடுகின்றன

இவ்வளவுக்கும் நடுவில், பழைய காலவரம்பற்ற விஎம்வேர் லைசென்ஸ் தொழில்நுட்ப ரீதியில் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க வேண்டும். வாங்கும்போது தருவது 25 எழுத்துகள் கொண்ட ஒரு கீ. அதைச் சர்வரில் போட்டுவிட்டால் போதும். அது கம்பெனியைக் கூப்பிட்டு அனுமதி கேட்பதில்லை. ஆதரவு ஒப்பந்தம் இருக்கிறதா, முடிந்ததா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. இணையமே இல்லாத அறையிலும் ஓடும். சந்தா லைசென்ஸின் குணம் வேறு: தேதி தாண்டினால் ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர்க் கணினி ஓடும், ஒருமுறை அணைத்துவிட்டால் மறுபடி கிளப்ப முடியாது. மின்தடைக்குப் பிறகுதான் இந்த வித்தியாசம் புரியும்.

ஆனால் முதல் கதவு இங்கே மூடுகிறது: அந்தக் கீ ஒரு பெரிய பதிப்புக்கு மட்டுமே செல்லும். ஏழாம் பதிப்பின் கீ எட்டாம் பதிப்பில் வேலை செய்யாது. மாற்றித் தர ஆதரவு ஒப்பந்தம் வேண்டும். ஏழாம் பதிப்புக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2 அன்று முடிந்தது. ஆக, லைசென்ஸ் இருக்கிறது, கீ இருக்கிறது, மென்பொருள் ஓடுகிறது. அது நின்ற இடத்திலேயே நிற்கிறது. சர்வர் பழுதாகி, புதிய சர்வர் வாங்கி, அதன் புதிய சிப்புக்குப் பழைய பதிப்பு ஒத்துவராவிட்டால் கையில் உள்ள லைசென்ஸ் வெறும் தாளாகிவிடும்.

இரண்டாவது கதவு, பதிவிறக்கத் தளம். நிறுவும் கோப்பை உங்கள் வன்தட்டில் எடுத்து வைக்காமல், தேவைப்படும்போது கம்பெனித் தளத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பீர்கள். பல நிறுவனங்களின் தளங்களில் ஆதரவு முடிந்த கணக்குக்கு அந்தப் பக்கமே திறக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய அதே பதிப்பு அங்கே இருக்கும். உங்கள் கைக்கு எட்டாது.

மூன்றாவதுதான் மிக மோசமான கதவு: ஆக்டிவேஷன். நிறுவும் ஒவ்வொரு முறையும் கம்பெனியின் சர்வரைத் தொடர்புகொண்டு சம்மதம் வாங்க வேண்டிய மென்பொருள் அது. சர்வரை ஒருநாள் நிறுத்திவிட்டால் சம்மதம் தர ஆள் இல்லை. அடோபி தன் பழைய சிஎஸ்2 தொகுப்புக்கான ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது இந்த நிலைமை வந்தது. லைசென்ஸ் வைத்திருந்தவர்களுக்காக ஆக்டிவேஷனே தேவைப்படாத பதிப்பை அந்த நிறுவனம் அப்போது வெளியிட்டது. சரியான காரியம். ஆனால் அது நிறுவனத்தின் நல்ல மனதால் நடந்தது. எந்தச் சட்டமும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அதே அடோபி 2013 மேயில், இனி பெரிய பதிப்புகள் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது.

ஆட்டோகேட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் 2016-இல் காலவரம்பற்ற லைசென்ஸ் விற்பதை நிறுத்தி, 2021 மே 7 அன்று பழைய லைசென்ஸ்காரர்களுக்கான பராமரிப்புத் திட்டத்தையும் முடித்தது. சந்தாவுக்கு மாறியவர்களுக்குச் சலுகை விலை கொடுத்தது. ஆனால் கையில் உள்ள காலவரம்பற்ற லைசென்ஸை அவர்கள் ஒப்படைத்துவிட வேண்டியிருந்தது. இந்த மாதிரிப் பேரத்தில் கையெழுத்துப் போடும் முன் நிதானிக்கச் சொல்வேன். பழைய பதிப்பு உங்கள் வேலைக்குப் போதுமென்றால் ஒப்படைப்பது பெரிய இழப்பு; சந்தா விலை ஏறும்போது திரும்பி வர இடம் இருக்காது.

நீதிமன்றங்கள் சொன்னது

ஆதரவு முடிந்தால் லைசென்ஸும் முடியுமா என்ற கேள்விக்கு மிக அருகில் வந்த தீர்ப்பு ஐரோப்பாவில் இருக்கிறது. பழைய லைசென்ஸ்களை வாங்கி விற்கும் ஜெர்மன் நிறுவனம் யூஸ்டுசாஃப்ட். அதன்மீது ஆரக்கிள் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3 அன்று தீர்ப்பளித்தது. விலை வாங்கிக்கொண்டு காலவரம்பு இல்லாமல் பயன்படுத்தும் உரிமையைக் கொடுத்தால், பெயர் லைசென்ஸாக இருந்தாலும் நடந்தது விற்பனைதான். பதிவிறக்கம் செய்த பிரதிக்கும் இது பொருந்தும். எனவே அதை மறுவிற்பனை செய்வதைத் தடுக்க முடியாது என்றது. எல்லோரும் பேசுவது இந்தப் பகுதியைத்தான். அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி நம் விஷயத்துக்கு நேரடி விடை: பராமரிப்பு ஒப்பந்தத்தின்கீழ் திருத்தியதும் சேர்த்ததும் முதலில் வாங்கிய பிரதியின் பகுதியாகிவிடுகின்றன, வாங்கியவர் பிறகு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காவிட்டாலும் காலவரம்பின்றி அவற்றைப் பயன்படுத்தலாம். ஒப்பந்தம் இருந்த காலத்தில் போட்ட பேட்ச் உங்களுடையது. முடிந்த பிறகு வந்தது அல்ல. பிராட்காம் கடிதத்தின் கோடும் இந்த இடத்தில்தான் ஓடுகிறது என்பதை அந்த நிறுவனத்துக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

அமெரிக்கா எதிர்த் திசையில் போனது. வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் வழக்கில் 2010-இல் ஒன்பதாவது சரக மேல்முறையீட்டு நீதிமன்றம், வாங்கியவர் உரிமையாளர் அல்ல, லைசென்ஸ்காரர் மட்டுமே என்றது. பழைய ஆட்டோகேட் பிரதிகளை இணையத்தில் விற்றவர் தோற்றார். ஆனால் அங்கும் முடிவானது மறுவிற்பனை பற்றித்தான். வாங்கியவர் தானே பயன்படுத்தும் உரிமை ஆண்டுக் கட்டணத்தோடு முடியும் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை.

இந்தியாவில் 2004-இல் டிசிஎஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கடையில் விற்கும் தயார் மென்பொருள் ஒரு சரக்கே என்றது. 2021 மார்ச் 2 அன்று இன்ஜினியரிங் அனாலிசிஸ் வழக்கில், பயனாளர் மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி அல்ல, அவருக்குக் கிடைப்பது பதிப்புரிமை அல்ல, பதிப்புரிமை பெற்ற ஒரு பொருள் என்றது. இரண்டுமே வரி வழக்குகள். ஆயினும் வாங்கியவர் கையில் ஒரு பொருள் இருக்கிறது என்ற பார்வை இரண்டிலும் உள்ளது. நாளை இப்படியொரு வழக்கு இங்கே வந்தால் வாங்கியவரின் வழக்கறிஞர் முதலில் எடுத்து வைக்கப்போவது இவற்றைத்தான்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் வாங்குகிறவர் தெரிந்திருக்க வேண்டிய இரண்டு இடங்கள் உண்டு. பிரிவு 52, மென்பொருளை முறைப்படி வைத்திருப்பவர், இழப்போ சேதமோ வந்தால் காத்துக்கொள்ள நகல் எடுத்து வைக்க அனுமதிக்கிறது. ஆகவே நிறுவும் கோப்பை எடுத்து வைப்பது குற்றமல்ல, உங்கள் உரிமை. இன்னோர் இடம் கவலை தருவது. பதிப்புரிமையை எழுதிக் கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டு என்று கொள்ளப்படும் என்கிறது பிரிவு 19. அந்தப் பிரிவு லைசென்ஸ்களுக்கும் உரிய மாற்றங்களோடு பொருந்தும் என்கிறது பிரிவு 30ஏ. விற்பனையாளர் வாயால் "லைஃப்டைம் சார்" என்று சொல்லி, தாளில் காலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், இந்தப் பிரிவை வைத்து எதிர்த் தரப்பு வாதாட இடம் இருக்கிறது. காலவரம்பற்றது என்று எழுத்தில் வாங்குங்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: வணிக நோக்கத்துக்கு வாங்கியவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலில் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிறவருக்கு விலக்கு உண்டு. தனி ஆளாக வரைபடம் போட்டுக் கொடுப்பவரும், ஆல்பம் வடிவமைப்பவரும் அந்த வாசல் வழியாகப் போகலாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தங்களை மாநில ஆணையத்தில் எதிர்க்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது.

புதுப்பிக்காமல் விடுவதன் விலை

லைசென்ஸ் முடியாது என்று எழுதுவதால், ஆதரவுக்குப் பணம் கட்டாதீர்கள் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2023 பிப்ரவரியில் விஎம்வேர் சர்வர்களைக் குறிவைத்து ஒரு ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் பூட்டப்பட்டன. தாக்கியவர்கள் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கான பேட்ச் 2021 பிப்ரவரியிலேயே வெளியாகிவிட்டது. இரண்டு ஆண்டு யாரும் போடாமல் விட்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் பிராட்காம் தலைவர் ஹாக் டான், ஆதரவு முடிந்த காலவரம்பற்ற லைசென்ஸ்காரர்களுக்கும் மிக அவசரமான பாதுகாப்புப் பேட்ச்சுகள் இலவசமாகக் கிடைக்கும் என்று அறிவித்தார். நல்ல அறிவிப்பு. ஆனால் 2025-இல் அப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் சிலருக்குப் பேட்ச் கிடைக்க 90 நாள் வரை ஆகலாம் என்று பதில் வந்ததாகச் செய்தி வெளியானது. திருடன் உள்ளே வர 90 நாள் தேவையில்லை.

தனிநபர் தரவு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இன்னொரு பாரம். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நியாயமான பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. பேட்ச் போட முடியாத மென்பொருளில் நோயாளிகளின் விவரத்தை வைத்திருக்கும் மருத்துவமனை, 'லைசென்ஸ் சரியாகத்தான் இருந்தது' என்று சொல்லித் தப்ப முடியாது.

கணக்கு மென்பொருளில் அரசாணையே பழைய பதிப்பை ஓரங்கட்டிவிடுகிறது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஒவ்வொரு நிறுவனமும், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடத்தை விடாமல் காக்கும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய பதிப்பு வைத்திருந்த பிரைவேட் லிமிடெட் நிறுவனத்துக்கு லைசென்ஸ் அன்றும் செல்லுபடியானது. ஆனால் அதில் கணக்கு எழுதுவது விதிமீறல். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு மின் விலைப்பட்டியல் கட்டாயமானபோதும், பழைய பதிப்பில் நின்றவர்கள் இதே போலத் தவித்தார்கள்.

விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஆரக்கிள் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு ஆதரவு, லைசென்ஸ் விலையில் 22 சதவீதம். விட்டுவிட்டுத் திரும்ப வந்தால், விடுபட்ட காலத்துக்குக் கடைசி ஆண்டுக் கட்டணத்தின் 150 சதவீத வீதம் கட்ட வேண்டும். 10 லட்ச ரூபாய் லைசென்ஸுக்கு ஆண்டுக்கு 2.2 லட்சம். இரண்டு ஆண்டு விட்டால் மீளும் கட்டணம் 6.6 லட்சம், அந்த ஆண்டுக்கான 2.2 லட்சம் தனி. மொத்தம் 8.8 லட்சம், கிட்டத்தட்டப் புதிதாக வாங்கும் விலை. ஆதரவை நிறுத்துகிறவர் திரும்பி வருவதில்லை என்ற உறுதியோடு நிறுத்த வேண்டும். அல்லது ரிமினி ஸ்ட்ரீட் போன்ற வெளி நிறுவனங்களிடம் குறைந்த விலைக்கு ஆதரவு வாங்கலாம். அவர்கள் சிக்கலைத் தீர்த்துத் தருவார்கள். தயாரித்தவரின் பேட்ச்சை மட்டும் அவர்களால் தர முடியாது.

வாங்கும்போதே கேட்க வேண்டியது

லைசென்ஸ் சான்றிதழ், கொள்முதல் ஆணை, அன்றைய தேதியில் அமலில் இருந்த ஒப்பந்தத்தின் முழு நகல் ஆகியவற்றை வில்லங்கச் சான்றைப் போல ஓர் இடத்தில் பத்திரமாக வையுங்கள். ஆதரவு முடிவதற்கு முன்தினம் வரை உங்களுக்கு உரிமையான கடைசிப் பதிப்பையும் பேட்ச்சுகளையும் இறக்கி, தேதியோடு பதிவு செய்து வையுங்கள். எதை எப்போது இறக்கினீர்கள் என்ற பதிவுதான் தணிக்கைக்கு ஆள் வரும்போது உங்களைக் காப்பாற்றும். ஆதரவு முடிந்த பிறகு கம்பெனியின் தளத்திலிருந்து உங்களுக்கு உரிமையில்லாத எதையும் இறக்காதீர்கள்.

தனித்தனி வாங்குபவர்களின் எச்சரிக்கையால் மட்டும் இது தீராது. ஐரோப்பாவில் விளையாட்டு மென்பொருள் வாங்கியவர்கள் வழி காட்டுகிறார்கள். யூபிசாஃப்ட் நிறுவனம் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வரை 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்களாலும் அதன்பின் விளையாட முடியவில்லை. அதிலிருந்து எழுந்த இயக்கம் ஐரோப்பியக் குடிமக்கள் மனுவுக்கு 10 லட்சத்துக்கு மேல் கையெழுத்து திரட்டியது. சர்வரை நிறுத்தும் முன் பொருளை இயங்கும் நிலையில் விட்டுப் போக வேண்டும் என்பதே கோரிக்கை. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், கொடுப்பது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் டிஜிட்டல் பொருளை 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்யத் தடை இருக்கிறது. சொந்தமாக இறக்கி வைத்து இணையமின்றிப் பயன்படுத்தக் கூடிய பொருளுக்கு அந்தச் சட்டம் விலக்கு தருகிறது. எது உண்மையில் கைக்கு வந்த பொருள் என்பதற்கு அதைவிட நேரான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இதைத் தொடங்கிவைக்கக் கூடிய இடம் எல்காட். மாநில அரசுத் துறைகளுக்காகக் கணினியும் மென்பொருளும் வாங்கும் நிறுவனம் அது. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய துணிச்சலும் அதற்கு உண்டு. அதன் டெண்டர் நிபந்தனைகளில் சில வரிகள் சேர்ந்தால் போதும்: லைசென்ஸின் காலம் எழுத்தில் இருக்க வேண்டும்; ஆதரவு முடிவது லைசென்ஸைப் பாதிக்காது என்று விற்பவர் ஒப்புக்கொள்ள வேண்டும்; கடைசியாக உரிமையான பதிப்பின் நிறுவும் கோப்பு அரசின் கையில் தரப்பட வேண்டும்; ஆக்டிவேஷன் சர்வரை மூடும் முன் அது தேவைப்படாத பதிப்பைத் தர வேண்டும். அரசு இதைக் கேட்டால் விற்பவர்கள் எழுதித் தருவார்கள். ஒருமுறை எழுதித் தந்துவிட்டால், அதே விற்பனையாளரிடம் அடுத்து வாங்கப் போகும் கோயம்புத்தூர் பம்ப் தொழிற்சாலையும் மதுரை மருத்துவமனையும் அந்த டெண்டர் தாளைக் காட்டி, எங்களுக்கும் இதையே எழுதிக் கொடுங்கள் என்று கேட்கலாம்.